14 நாள் மாத்திரை

வணக்கம், நேயர்களே. இராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் பல ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். மலேரியாவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மலேரியாவைப் பேசினால் இலங்கையையும் பேசியாக வேண்டும்.

மண்டபம் என்றதும் பெரியவர்களுக்கு அந்த முகாம் நினைவுக்கு வரும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை அங்கே நாள்கணக்கில் தங்கவைத்தார்கள், காலராவும் அம்மையும் கடல் தாண்டக் கூடாது என்று. ஆளை நிறுத்தினால் நோயும் நிற்கும் என்பது அன்றைய கணக்கு. மலேரியாவில் அந்தக் கணக்கு செல்லாது. விவாக்ஸ் என்ற வகைக் கிருமி ஈரலில் பதுங்கிக்கொள்ளும். காய்ச்சல் விட்டுப் பல மாதம் கழித்து மறுபடி தலைகாட்டும். அத்தனை மாதம் யாரை எந்த முகாமில் வைப்பது? அதை வேரோடு தீர்க்கப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கிவிடும். மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

2011இல் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மீனவத் தம்பிக்கு இரத்தப் பரிசோதனையில் விவாக்ஸ் என்று வந்தது. நானே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்தாம் நாள் போனபோது அவருடைய தாயார் வாசலில் அழுதுகொண்டிருந்தார். எல்லை தாண்டியதாகப் படகோடு பிடித்து, அக்கரைச் சிறையில் வைத்துவிட்டார்களாம். மீதி மாத்திரை வீட்டு மாடத்தில் இருந்தது. அந்த அம்மா அதை என் கையில் கொடுத்து, “நீங்களே அனுப்பிவிடுங்கள் ஐயா” என்றார். யாருக்கு அனுப்புவது? அங்கே இருக்கிற மலேரியா மருத்துவரின் தொலைபேசி எண் எனக்குத் தெரியாது. மேலதிகாரிகளுக்கு எழுதினேன். கடிதம் மேசை மேசையாக நகர்ந்தது. அவர் விடுதலையாகி வந்த பிறகும் பதில் வரவில்லை. ஊர் திரும்பிய சில வாரங்களில் அவருக்கு மறுபடி குளிர்காய்ச்சல்.

அந்த நேரத்தில் இலங்கை எந்த நிலையில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, அவற்றில் கொசு பெருகி, ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாடு அது. 1963இல் நோயாளிகள் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேல்! அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. போர்க்காலத்திலும் மருந்தடிப்பும் பரிசோதனையும் நடந்தன. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2016 செப்டம்பரில். கடைசி நோயாளிகளை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு, பாதி மாத்திரை சாப்பிட்ட ஒருவரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாம் அனுப்பியிருக்கிறோம். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

2018 இறுதியில் மொனராகலை மாவட்டத்தில் உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா வந்தது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து தொற்றியது என்று கண்டுபிடித்து, மேலும் பரவாமல் தடுத்துவிட்டார்கள். அந்தத் தொழிலாளியைக் குறை சொல்லாதீர்கள். உடம்புக்குள் பதுங்கியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆள் போகட்டும், பிழைப்புக்குப் போகத்தான் வேண்டும். ஆளுக்கு முன்னே செய்தி போக வேண்டும். இராமநாதபுரத்து மலேரியா அலுவலரும் மன்னார் மலேரியா அலுவலரும் ஒருவரையொருவர் பேர் சொல்லி அழைத்துப் பேச வேண்டும். டெல்லிக்கும் கொழும்புக்கும் கோப்பு போய்த் திரும்புவதற்குள் கொசு மூன்று தலைமுறை கண்டுவிடும்.

ஸ்டீபன்சி கொசுவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இரண்டு நிமிடந்தான் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நகரங்களில் மலேரியா பரப்புகிற இந்தக் கொசுவை 2016 இறுதியில் மன்னாரிலும் கண்டார்கள். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும். கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீனை விடலாம். சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தொட்டி மூடியில் இடுக்கு இருந்தால் இன்றே துணி வைத்துக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரை வடித்து, தேய்த்து, காயவிட்டு நிரப்புங்கள். வணக்கம்.