நாய் கடிச்ச சாவலை வீட்டிலை வைச்சுத் தேத்தலாமோ?

அடுத்த கேள்வி சாவகச்சேரிப் பக்கத்திலை இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன். "அண்ணா, பக்கத்து வீட்டு நாய் எங்கட சாவலைப் பிடிச்சிட்டுது. முதுகுத் தோல் கிழிஞ்சுபோச்சு, ஒரு செட்டையும் தொங்குது. முந்தநாளிலை இருந்து ஒண்டும் சாப்பிடுதில்லை. அம்மா மண்ணெண்ணெய் பூசச் சொல்லுறா, அப்பா அறுத்துக் கறி வைக்கச் சொல்லுறார். என்ன செய்ய?"

முதல் அப்பாவுக்குச் சொல்லுறன். நாய்ப் பல்லுப் பட்டு ரெண்டு நாள் கிடந்த காயம், உள்ளுக்குச் சீழ் பிடிச்சிருக்கும். அந்த இறைச்சியை நானெண்டால் வாயிலை வையன். குடல் வெளியிலை வந்திட்டுது, இல்லாட்டி முதுகெலும்பு முறிஞ்சு ரெண்டு காலும் இழுபடுது எண்டால், வதைக்காமல் முடிச்சுவிடுறதுதான் நல்லம். அப்பிடி இல்லையெண்டால் தேத்தலாம். கோழித்தோல் பாக்கப் பயங்கரமாக் கிழிஞ்சிருந்தாலும் மூடி வரும்.

காயத்தைத் தொட முதல் ஒரு வேலை இருக்கு. மற்றக் கோழியளிட்டை இருந்து அதைப் பிரியுங்கோ. சிவப்பைக் கண்டால் மற்றதுகள் கொத்தும், அதை வளத்த பேடே கொத்தும். ஒரு காட்போட் பெட்டியிலை பழைய சீலை விரிச்சு, இருட்டான, சத்தமில்லாத மூலையிலை வையுங்கோ. நாய் வாயிலை இருந்து தப்பினது அந்தப் பயத்திலையே செத்துப்போகவும் கூடும். ஆக்கள் என்னெண்டால் சுத்தி நிண்டு பாத்து, பிள்ளையளைக் கூட்டிவந்து காட்டி, ஃபோனிலை படமும் எடுக்கினம். விடுங்கோ அதை. கோழியின்ரை உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸுக்குக் கிட்ட. அடிபட்டால் அந்தச் சூட்டை வைச்சிருக்க ஏலாமல் போகும். இப்ப மாதிரி மழைக் குளிரெண்டால் பெட்டியின்ரை ஒரு பக்கத்திலை மட்டும் ஒரு குண்டு பல்ப் போடுங்கோ. சூடு கூடினால் மற்றப் பக்கம் அது தானாத் தள்ளிப் போகட்டும்.

இனித் தண்ணி. ஜீவனி, அதுதான் வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள், கரைச்சு வையுங்கோ, அலகு நுனியை அதிலை ஒருக்கால் தோயுங்கோ, வேணுமெண்டால் குடிக்கும். வாயைப் பிளந்து ஊத்தவே கூடாது. கோழிக்கு மூச்சுத் துவாரம் நாக்குக்குப் பின்னாலைதான் இருக்கு, ஊத்தினது நேரை சுவாசப்பைக்குப் போகும். குடிக்கத் தொடங்கினாப் பிறகு குழைச்ச சோறு, அவிச்ச முட்டை மசிச்சது, நனைச்ச கோழித்தீன் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. காலமை எழும்பி நெஞ்சுக்கு மேலை இருக்கிற தீன்பையைத் தடவிப் பாருங்கோ. இரவு திண்டது இறங்கி அது வெறுமையாக் கிடக்கவேணும். கல்லு மாதிரிக் கிடந்தால் மேலும் தீன் போடாதேங்கோ.

காயத்துக்கு வாறன். அம்மா, மண்ணெண்ணெய் வேண்டாம். அது சதையை எரிக்கும், பிறகு சாவல் அலகாலை இறகு கோதேக்கை அதையே விழுங்கும். டெற்றோலைத் தண்ணி கலக்காமல் ஊத்துறதும் உந்த மாதிரித்தான். அரை லீற்றர் கொதிச்சாறின தண்ணியிலை ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய உப்புப் போட்டுக் கழுவுங்கோ. காயத்தைச் சுத்தியிருக்கிற இறகைக் கத்தரிக்கோலாலை வெட்டுங்கோ. பிடுங்கினால் கிழிஞ்ச தோல் இன்னும் கிழியும். பிறகு பாமசியிலை வாங்கிற அயடின் மருந்தைப் பிளேன்ரீ நிறத்துக்குத் தண்ணி விட்டுத் தொட்டு வையுங்கோ. ஒரு கவனம்: முதுகிலை ஆழமாப் பல்லிறங்கின ஓட்டை இருந்தால் அதுக்குள்ளை தண்ணி பாய்ச்சக்கூடாது. கோழிக்குக் காத்துப்பையள் உடம்புக்குள்ளை முதுகு, வயிறு எண்டு பரவிக் கிடக்கு. தோலுக்குக் கீழை காத்து ஊதினமாதிரி வந்தால் அதிலைதான் ஓட்டை. அமத்தாதேங்கோ, மிருக வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.

எங்கட ஊரிலை இலையான்தான் பெரிய எதிரி. காயத்திலை முட்டை போட்டால் ஒரு நாளுக்குள்ளை புழு வந்திடும். பெட்டிக்கு மேலை நுளம்பு வலையைப் போட்டு மூடுங்கோ. காலமையும் பின்னேரமும் இறகை விலக்கி, பின்பக்கமும் சேத்துப் பாக்கவேணும், எச்சம் ஒட்டின இடத்திலைதான் முதல் வரும். தங்கச்சி, உங்கட சாவலுக்கு ரெண்டு நாள் போட்டுது, இண்டைக்கே பாருங்கோ.

செட்டையை இயல்பா மடிக்கிற மாதிரி மடிச்சு, மெல்லிய சீலையாலை உடம்போடை கட்டுங்கோ. ஆனால் இறுக்கக்கூடாது. எங்களைப்போலை கோழிக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைஞ்சால்தான் மூச்சு. இறுக்கிக் கட்டினால் மூச்சடைச்சுப் போகும். விரல் ஒண்டு நுழையிற அளவு காணும்.

நாய்க்கடியிலை பல்லு உள்ளுக்கு இறக்கின கிருமிதான் ஆள் கொல்லி. அதுக்கு அன்ரிபயற்றிக் வேணும், எவ்வளவு எண்டு வைத்தியர் சொல்லவேணும். வீட்டிலை கிடக்கிற குளிசையையோ பனடோலையோ உடைச்சுக் குடுக்காதேங்கோ. கடகத்திலை வைச்சு, மேலை சீலை போட்டு, உங்கட பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கோ. மருந்து குடுத்தால் எத்தினை நாளைக்கு இறைச்சி சாப்பிடக்கூடாது எண்டும் கேளுங்கோ, அப்பாவுக்கு உதவும்.

மறந்துபோவன், இன்னொண்டு. சாவலை இழுத்தெடுக்கேக்கை நாய் உங்களைக் கடிச்சுதோ, கீறிச்சுதோ? அப்பிடியெண்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியிலை கழுவிப்போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. விசர்நாய்க்கடி ஊசி அங்கை இலவசம். சாவல் பொறுக்கும், இது பொறுக்காது.

காயம் காய்ஞ்சு பொருக்கு விழுந்த பிறகு, மற்றதுகள் காணுற இடத்திலை கூட்டோடை வையுங்கோ. முதல் ஒரு சாதுவான பேடோடை விடுங்கோ, வீட்டிலை வேறை சாவல் நிண்டால் அதைக் கடைசியா. வெட்டின இறகு அடுத்த முறை இறகு கழட்டி முளைக்கேக்கைதான் திரும்ப வரும், பயப்பிடாதேங்கோ. செட்டை பலக்க முதல் முருங்கையிலை ஏறிப் படுக்கப் பாக்கும், இறங்கேக்கை விழுந்தால் காலும் போகும். பொழுதுபட முதலே பிடிச்சுக் கூட்டுக்குள்ளை அடையுங்கோ.

சரி, அடுத்த கேள்விக்குப் போவம்.