மகன் பெயருக்கு வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

அடுத்த கேள்வி கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறது. ஐயாவுக்கு வயது 74. மனைவிக்கு 70, ஓய்வு பெற்ற ஆசிரியை. வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. கடந்த ஒரு வருடமாக அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே வருகிறது. பால் பாக்கெட்டைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறார். சென்னையில் இருக்கும் மகன், "வீட்டை என் பெயருக்கு எழுதிவிடுங்கள், கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாராம். செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதலாமா, உயில் எழுதலாமா, மனைவியிடம் ஒரு பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கி வைத்துக்கொண்டால் போதுமா என்று மூன்று கேள்விகள்.

ஐயா, செட்டில்மெண்ட் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கும். "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன், இனி எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்று முடியும். பத்திர எழுத்தர் வேகமாகப் படித்துக்கொண்டு போவார், நாம் பேனாவைத் தேடிக்கொண்டிருப்போம். பதிவு முடிந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளி.

"முதியோர் சட்டம் இருக்கிறதே, ரத்து செய்யலாமே" என்பீர்கள். இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நம் மாநிலத்தில் வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற சொல்லிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 80 வயதில் கோட்டாட்சியர் அலுவலக பெஞ்சில் போய் உட்காரப் போவது யார்? அதே சட்டத்தில் கேட்கக்கூடிய ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. வீட்டோடு ஓர் ஆள் வைத்துப் பார்க்க என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம். ஆனால் அம்மாவுக்கு நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்பட்டால், வீட்டை நீங்களாக விற்றுப் பணமாக்க முடியாது. ஆகவே உங்கள் பாகத்துக்கு உயில் எழுதுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் போதும். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக நிறுத்த வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் நல்லது.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் மூன்றாவது கேள்வி. பவர் போதாது ஐயா. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால், நம் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி பவரும் அதோடு முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காக வாங்கி வைக்கிறீர்களோ, அந்த நாளில் அது வெறும் காகிதம். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். தனி நீதிபதி மறுத்த பிறகு, 2024-இல் இரு நீதிபதிகள் அமர்வில்தான் அனுமதி கிடைத்தது. வங்கியில் கையெழுத்துப் போட முடியாதவரிடம் கைநாட்டு வாங்கலாம், கால்விரல் ரேகைகூட வாங்கலாம். அது கை முடியாதவருக்கு. நினைவு முடியாதவருக்கு எந்த விரலும் உதவாது.

ஆகவே அம்மாவுக்குத் தெளிவு இருக்கும் இந்த மாதத்திலேயே வேலையை முடியுங்கள். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று சான்று வாங்குங்கள். பிறகு அவர் பாகத்துக்கு அவரே உயில் எழுதட்டும். அந்த மருத்துவரே ஒரு சாட்சியாக நின்றால் இன்னும் நல்லது. அம்மாவின் ஓய்வூதியக் கணக்கையும் வைப்புத்தொகைகளையும் உங்களோடு கூட்டுக் கணக்காக்கி, "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று மாற்றுங்கள். நாமினி போட்டிருக்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள்; நாமினிக்கு வேலை வருவது இறந்த பிறகுதான்.

மருத்துவக் காப்பீட்டை நம்பி ஆள் வைக்க முடியாது. 70 வயது நிறைந்தவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் மத்திய அரசுத் திட்டமும் மருத்துவமனையில் படுத்தால்தான். குளிப்பாட்ட, சோறூட்ட வரும் பெண்ணுக்கான சம்பளம் உங்கள் வட்டிப் பணத்திலிருந்துதான் போகும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அதைத் தனியாக இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தின் கடைசி வரியில், தஞ்சாவூரிலிருந்து மகள் ஞாயிறுதோறும் வந்து அம்மாவுக்குத் தலை குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரம் பற்றிய பேச்சில் அந்த மகள் எங்கேயும் வரவில்லையே? அம்மாவின் நினைவு தடுமாறும் காலத்தில் மகனுக்கு மட்டும் எழுதிய பத்திரம் நாளைக்கு வழக்காகும். வருகிற ஞாயிறு மகனையும் வரச் சொல்லுங்கள். நால்வரும் உட்கார்ந்து பேசிவிட்டு, தாய்ப்பத்திர நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.