பொன்மேல் வந்து ஒட்டுவது யார்?

அவையோருக்கு வணக்கம்.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரிகிறதே சிவப்புக் கோடு, அது என்ன சாயம் என்று யோசித்ததுண்டா? பெரும்பாலான பட்டைகளில் அது தங்கம். நகைக்கடையில் மஞ்சளாக மின்னுவது, சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகளாகிவிட்டால் சிவந்துபோகிறது. ஒளிபட்டதும் அதன் எலக்ட்ரான்கள் கூட்டமாக அலைவதால் வரும் நிறம் அது. இன்று நான் பேச வந்தது, தன்மேல் புரதம் வந்து ஒட்டுவதைக் காட்டும் ஒரு தங்கச் சிப்பு பற்றி. அதுவும் அந்த அலைவை நம்பியே பிழைக்கிறது.

கண்ணாடித் தகட்டின்மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் பூச்சு. அடியிலிருந்து முப்பட்டகம் வழியாக ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால் அது பட்டுத் திரும்புகிறது. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் திரும்பும் ஒளி மங்குகிறது. அந்த ஆற்றல் தங்கத்தின் எலக்ட்ரான்களுக்குப் போய்விடுகிறது. மேலே புரதம் வந்து ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். 1983-இல் சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் லீட்பெர்க், நைலாண்டர், லண்ட்ஸ்ட்ரோம் மூவரும் இதைச் செய்து காட்டினார்கள். 1990-இல் பயாகோர் என்ற கருவி சந்தைக்கு வந்தது. கோணம் நகர்வதை அது அலகுகளாகக் காட்டும். 1,000 அலகு ஏறினால், சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோகிராம் புரதம் ஒட்டியிருக்கிறது என்று கணக்கு.

ஆனால் வந்தவர் யார் என்பது சிப்புக்குத் தெரியாது. பரப்பை ஒட்டிய ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, மாறியதா என்பதோடு அதன் அறிவு முடிந்தது. ஆளை அடையாளம் காண்பது, தங்கத்தின்மேல் நாம் நட்டுவைக்கும் எதிர்ப்பொருள்; தனக்குரிய ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதம் அது. ரத்தச் சீரத்தை ஓடவிட்டால், அழைக்காமலே வந்து அப்பிக்கொள்ளும் புரதங்கள் ஏராளம். கரைசலின் வெப்பம் அரை டிகிரி மாறினால்கூடக் கோணம் நகர்ந்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே எதிர்ப்பொருள் இல்லாத வெற்றுத்தடம் ஒன்றை வைத்து, அங்கே தெரிவதை இங்கே கழிக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லா நோயையும் சொல்லிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால், கழித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

எனக்கு இந்தக் கருவியில் பிடித்தது வேறொன்று. இரண்டு மருந்துகள் ஒரே இலக்கை ஒரே பலத்தோடு பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சட்டென வந்து சட்டெனப் போகும். மற்றொன்று மெதுவாக வந்து மெதுவாகப் போகும். கடைசிக் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. சிப்போ நொடிக்கு நொடி கோடு வரைகிறது. இலக்கைத் தங்கத்தின்மேல் நட்டு மருந்தை ஓடவிட்டபின், மருந்தை நிறுத்தி வெறும் கரைசலை ஓடவிடுகிறோம். முதல் மருந்தின் கோடு சரசரவென்று இறங்குகிறது. இரண்டாவது அசைவேனா என்கிறது. சில நேரம் அமிலக் கரைசலை ஓட்டித்தான் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது.