சமநோக்கு வளையி ஏன் உள்ளுக்கு வளையுது?

அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: "சேர், சமநோக்கு வளையி மூலத்துக்குக் குவிவா வாறதுக்குக் காரணம் எல்லைப் பயன்பாடு குறைஞ்சு போறதுதான் எண்டு எழுதினாச் சரியா?"

சரியில்ல, தங்கச்சி. கனபேர் இப்பிடித்தான் எழுதுறாங்க, அதால ஆறுதலாப் பாப்பம். சமநோக்கு வளையி எண்டா ஒரே அளவு திருப்தி தாற ரெண்டு பண்டச் சேர்க்கைகளை இணைக்கிற கோடு. மூலம் எண்டா ரெண்டு அச்சும் சந்திக்கிற புள்ளி. பயன்பாடு எண்டா திருப்தி, எல்லைப் பயன்பாடு எண்டா ஒரு பண்டத்தில இன்னொரு அலகு கூடினாக் கிடைக்கிற மேலதிகத் திருப்தி.

கொப்பியில ரெண்டு நிரல் போடுங்க. மீன் கிலோவில, தயிர் சட்டியில. மீன் 1, தயிர் 12. மீன் 2, தயிர் 6. மீன் 3, தயிர் 4. மீன் 4, தயிர் 3. நாலு சேர்க்கையும் அந்த நுகர்வோனுக்கு ஒரே அளவு திருப்தி. இன்னொரு கிலோ மீனுக்காக எத்தின சட்டி தயிரை விட்டுக்குடுக்கிறார்? முதல்ல 6, பிறகு 2, பிறகு 1. இதுதான் எல்லைப் பிரதியீட்டு வீதம். மீனைக் கிடை அச்சிலயும் தயிரை நிலைக்குத்து அச்சிலயும் வரைஞ்சா வளையியின்ட சரிவும் இதுதான். சரிவு குறைஞ்சு குறைஞ்சு போனாக் கோடு உள்ளுக்கு வளையத்தானே வேணும்.

இனித்தான் முக்கியமான இடம். ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு எண்ணையும் பெருக்கிப் பாருங்க, 12 வரும். அந்தப் பெருக்கத்தையே பயன்பாடு எண்டு வைப்பம். தயிரை 6 சட்டியில நிப்பாட்டிப்போட்டு மீனை 1, 2, 3 எண்டு கூட்டினா மொத்தப் பயன்பாடு 6, 12, 18. ஒவ்வொரு கிலோவும் அதே 6தான் தருது. எல்லைப் பயன்பாடு குறையவே இல்ல, ஆனா வளையி குவிவு! இப்ப அதே பயன்பாட்டு எண்களுக்கு வர்க்கமூலம் எடுங்க. எல்லைப் பயன்பாடு குறையத் தொடங்கும், வளையி ஒரு நூல்கூட அசையாது. அப்ப குவிவுக்குக் காரணம் அதில்ல. வளையி வழியா இறங்கக்குள்ள மீன் கூடுது, தயிர் குறையுது, மிச்சம் இருக்கிற தயிரை விட மனம் வராது. விடையில "எல்லைப் பிரதியீட்டு வீதம் குறைந்து செல்வதால்" எண்டு எழுதுங்க. பொருளியலாளர்களான ஹிக்ஸும் அலனும் 1934 இல எல்லைப் பயன்பாட்டைக் கைவிட்டு இந்த வீதத்தைத்தான் எடுத்தாங்க. திருப்தியை அளக்கத் தேவையில்ல, வரிசைப்படுத்தினாப் போதும்.

வீதம் மாறாட்டி நேர்கோடு வரும்: ரெண்டு 500 ரூபாத் தாளும் ஒரு 1000 ரூபாத் தாளும் மாதிரி. இடது செருப்பும் வலது செருப்பும் எண்டா செங்கோண வடிவம். குழிவா வரைஞ்சா நுகர்வோன் பாதீட்டுக் கோட்டின்ட (கையில இருக்கிற காசுக்கு வாங்கக்கூடிய சேர்க்கைகளைக் காட்டுற கோடு) ஒரு முனைக்குப் போய் ஒரே பண்டத்தை மட்டும்தான் வாங்குவார்.

வரையக்குள்ள ஒண்டைக் கவனிங்க: வளையியின்ட வால் மேல திரும்பக் கூடாது. திரும்பினா ரெண்டு பண்டமும் கூடியும் திருப்தி கூடேல்ல எண்டு ஆகிடும்.