கொன்றை பூத்தும் அவள் நம்பவில்லை: குறுந்தொகை 21-ஐ எப்படி வாசிப்பது?

[திரையில்: பூத்து நிற்கும் சரக்கொன்றை, பின்னால் கறுத்த வானம்]

வணக்கம். இன்றைக்கு ஐந்தே அடியுள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளலாம். குறுந்தொகையில் 21-ஆவது பாட்டு, பாடியவர் ஓதலாந்தையார். முதல் தடவை பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓசையோடு கேட்டுவிடுங்கள்.

[திரையில் பாட்டு, அடி அடியாக]

வண்டுபடத் ததைந்த கொடியிணர் இடையிடுபு
பொன்செய் புனையிழை கட்டிய மகளிர்
கதுப்பின் தோன்றும் புதுப்பூங் கொன்றைக்
கானம் காரெனக் கூறினும்
யானோ தேறேன் அவர்பொய் வழங்கலரே.

சரி, இப்போது நம்முடைய தமிழில். வண்டுகள் வந்து மொய்க்கும்படி செறிந்து பூத்த நீண்ட கொத்துகள் தழைகளுக்கு இடையிடையே தொங்குகின்றன. பொன்னால் செய்த நகையைத் தலையில் கட்டிய பெண்களின் கூந்தல் போல அது தெரிகிறது. அப்படிப் புதிதாகப் பூத்த கொன்றை நிற்கும் இந்தக் காடு, 'இது கார்காலம்' என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அவர் பொய் சொல்லமாட்டார். அவ்வளவுதான் பாட்டு.

கதையும் சின்னதுதான். தலைவன் வெளியூர் போயிருக்கிறான், கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கார் என்றால் ஆவணியும் புரட்டாசியும். தொல்காப்பியம் 'காரும் மாலையும் முல்லை' என்று முல்லைத் திணைக்குப் பொழுது வகுத்து வைத்திருக்கிறது, முல்லையின் வேலையே காத்திருப்பதுதான். இப்போது மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, ஆள் வரவில்லை. இவள் எப்படித் தாங்கப்போகிறாளோ என்று தோழி கவலைப்படுகிறாள். அந்தத் தோழியிடம் தலைவி சொல்லும் பதில்தான் நீங்கள் கேட்ட ஐந்து அடி.

இதில் என்ன நயம் என்று பரீட்சையில் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் எழுதும் விடை ஒன்று இருக்கிறது: 'பூங்கொத்துக்குப் பொன்னகை உவமை, காடு பேசுவதாகச் சொன்னதால் அஃறிணைப் பொருளுக்கு மனிதச் செயல் ஏற்றப்பட்டுள்ளது.' மதிப்பெண் வந்துவிடும். ஆனால் பாட்டு அந்த விடைக்குள் வரவே இல்லை. உவமையை அடையாளம் காட்டுவதும், காட்டுக்கு வாய் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வதும் தொடக்கம்தான். அந்த இடத்தில் அந்த ஆளுக்குக் காடு ஏன் பேச வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளியில் தற்குறிப்பேற்ற அணிக்குச் சிலப்பதிகாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு படித்திருப்பீர்கள், மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பது போல இருந்தது என்று. அங்கே கொடிக்குக் கை கொடுத்தவர் கவிஞர். பாத்திரங்களுக்குத் தெரியாத ஒன்று கவிஞருக்குத் தெரியும், அதைக் கொடியின் மேல் ஏற்றிச் சொல்கிறார். குறுந்தொகைப் பாட்டில் நிலைமையே வேறு. ஓதலாந்தையார் தன் குரலில் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தலைவியின் பேச்சு. ஆகவே காட்டைப் பேச வைத்தவளும் அவள்தான், உவமையைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். அதனால் இந்தப் பாட்டில் இயற்கையைப் பற்றி வரும் ஒவ்வொரு சொல்லும் அவள் மனசைப் பற்றிய தகவலாகவும் இருக்கிறது. சங்க அகப்பாட்டு எதை எடுத்தாலும் 'பேசுவது யார், யாரிடம்' என்று முதலில் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது முதல் மூன்று அடிக்கு வாருங்கள்.

[திரையில்: கொன்றைக் கொத்து, மிக அருகில்]

ஒரு சரக்கொன்றைக் கொத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். காம்பிலிருந்து கீழ்நோக்கி, ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்குச் சரமாகத் தொங்கும். மேலே விரிந்த பூக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து மஞ்சள் இதழ். கீழே போகப் போக மொட்டுகள், நுனியில் உருண்டையான சின்ன மணிகள் மாதிரி. தலையில் தொங்கவிடும் பொன்னகையும் இப்படித்தான் சரமாகக் கீழே இறங்கும். ஆக, 'பொன்செய் புனையிழை' என்பது வெறும் நிற ஒப்புமை கிடையாது, வடிவமும் அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று நாம் கொன்றையைக் கொத்துக் கொத்தாகப் பார்ப்பது சித்திரை, வைகாசி வெயிலில், அப்போது இலை குறைந்து மரமே மஞ்சளாக நிற்கும். அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைப் படித்தால் உவமை பாதி விழுந்துவிடும். ஏனென்றால் இந்தப் படத்துக்குத் தழை வேண்டும். 'இடையிடுபு' என்கிறாள், அடர்ந்த பச்சைக்கு இடையிடையே பூ. மழையில் நனைந்து கருத்த தழைதான் கூந்தல், பூதான் பொன். சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ, அந்த நாட்காட்டியை ஏற்றுக்கொண்டு வாசியுங்கள்.

இதெல்லாம் அழகு. சரி, ஆனால் ஏன் இந்த அழகு?

மரத்தைப் பார்த்தவுடன் அவளுக்கு நினைவுக்கு வந்தது, தலைக்கு நகை பூட்டி அலங்கரித்துக்கொண்ட பெண்கள். அகப்பாட்டு உலகத்தில் கணவன் பிரிந்திருக்கும்போது பெண் அலங்கரித்துக்கொள்வதில்லை, பூச்சூடுவதில்லை, கூந்தலைச் சீவி முடிப்பதுகூட இல்லை. எனவே அந்த மகளிர் யாரென்று அவள் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரியும், துணைவன் பக்கத்தில் இருப்பவர்கள். அவன் சொன்னபடி வந்திருந்தால் இவளும் இந்நேரம் அப்படித்தான் இருந்திருப்பாள். தான் இல்லாத அந்தப் பெண்ணை அவள் மரத்தில் பார்க்கிறாள். 'எனக்கு ஏக்கமாக இருக்கிறது' என்று எங்கேயும் சொல்லவில்லை, உவமை சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் இந்தப் பாட்டில் மிக நுட்பமான இடம் இதுதான், காடு பேசுகிற இடத்தைவிடவும்.

வண்டையும் கவனியுங்கள். 'வண்டுபட' என்பது பாட்டின் முதல் சொல். வண்டு ஏமாறாது, பூ நிஜமாக மலர்ந்திருந்தால்தான் வரும். 'புதுப்பூ' என்றும் சொல்கிறாள், அதாவது இந்தப் பருவத்தின் முதல் பூ. ஆக, கார்காலம் வந்துவிட்டது என்பதற்கு எவ்வளவு சாட்சி வேண்டுமோ அவ்வளவையும் அவளே மூன்று அடியில் அடுக்குகிறாள். கண்ணை மூடிக்கொண்டு மறுப்பவளுக்கு இவ்வளவு துல்லியமான வர்ணனை வராது. அவள் பார்த்துவிட்டாள், மிக நன்றாகவே பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வருகிறது: 'கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன்.'

[திரையில் இந்த வரி மட்டும்]

இங்கேதான் காட்டுக்கு வாய் வருகிறது. அவள் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். 'கார் வந்தது, அவர் வரவில்லை' என்று சொல்லியிருந்தால் அது வெறும் செய்தி. அப்படிச் சொன்னால் அடுத்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்: அப்படியானால் அவர் பொய் சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தை அவளால் சொல்ல முடியாது. ஆனால் எங்கோ ஒரு பொய் இருக்கிறது, அதை யார் தலையிலாவது வைத்தாக வேண்டும். மரம் மரமாகவே இருந்தால் அதன் மேல் பொய்யைச் சுமத்த முடியாதே, மரம் பூக்கும், அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் காட்டைப் பேச வைக்கிறாள். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான், காடு வேறொன்று சொல்கிறது, இரண்டு பேர் சொல்வதில் ஒன்றை நம்ப வேண்டும், நான் அவரை நம்புகிறேன். காட்டைப் பேச வைத்தது அலங்காரத்துக்காக இல்லை. அவன் மேல் பழி விழாமல் தடுக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

ரயில் வரவில்லை என்றால் 'இந்தக் கடிகாரம் ஃபாஸ்ட்டா ஓடுது' என்று சொல்லிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மனசுதான் இது.

அப்படியானால் அவள் நிஜமாகவே நம்புகிறாளா, அல்லது தோழிக்காகச் சொல்கிறாளா? இரண்டு விதமாகவும் வாசிக்கலாம், நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். கவலைப்படுகிறவள் தோழி, அவளைத் தேற்ற வேண்டிய நிலைமை தலைவிக்கு. 'யானோ' என்று தன்னைத் தனியாகப் பிரித்துக்காட்டும் அழுத்தம் அங்கே இருக்கிறது. ஊரே ஒப்புக்கொண்டாலும், நீயே ஒப்புக்கொண்டாலும், நான் மாட்டேன். பாட்டு முடியும் சொல்லும் அவனைப் பற்றியதுதான். மூன்று அடி மரத்துக்கு, ஒரு அடி காட்டுக்கு, கடைசியில் அவன்.

அஃறிணை பேசுவதைப் பற்றித் தமிழ் இலக்கணம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் தொல்காப்பியச் செய்யுளியலுக்குப் போகலாம். ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம், பொழுது, பறவை, நெஞ்சு என்று ஒரு பட்டியல் போட்டு, இவை 'சொல்லுந போலவும் கேட்குந போலவும்' செய்யுளில் வரும் என்கிறது. அறிவையும் நாணத்தையும்கூட அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பேசுவது போல, கேட்பது போல, இரண்டு வழி. 21-ஆம் பாட்டில் காடு சொல்கிறது, முதல் வழி.

இப்போது அதே கொன்றை, அதே சூழல், ஆனால் பேசுவது தோழி. குறுந்தொகை 66.

[திரையில் பாட்டு]

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார்என மதித்தே.

இந்தப் பெரிய கொன்றை மரங்கள் நிச்சயமாக அறிவில்லாதவை, கல் நிறைந்த வழியில் போனவர் சொன்ன பருவம் வருவதற்கு முன்பே, காலம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துக்கொண்டு கொம்பெல்லாம் பூத்துவிட்டன என்கிறாள்.

வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? தலைவி காட்டின் சொல்லை நம்ப மறுத்தாள், தோழி மரத்தை முட்டாள் ஆக்கிவிட்டாள். ஏமாந்தவர்மேல் நமக்குக் கோபம் வராது, பரிதாபம்தான் வரும். தோழிக்கு வேண்டியதும் அதுதான், தலைவியின் மனசு இளக வேண்டும், சூடேறக் கூடாது. அதனால்தான் தீர்ப்பை முதல் சொல்லிலேயே வைத்துவிடுகிறாள், 'மடவ'. நீ மரத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன், அது ஒரு மக்கு மரம். தலைவியின் பாட்டில் தீர்ப்பு கடைசியில் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் முதலில் பார்த்தாள், பிறகு மறுத்தாள். தோழி அவளைப் பார்க்கவே விடவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகிறது 251-ஆம் பாட்டு, இடைக்காடனார் பாடியது. அதிலும் தோழிதான். இந்தத் தடவை மக்காகிறவை மயில்கள், மழை பெய்தது என்று ஆடத் தொடங்கிவிட்டன, பிடவமும் பூத்துவிட்டது. 'கார் அன்று இகுளை, தீர்க நின் படரே', இது கார் இல்லையடி, வருத்தத்தை விடு என்கிறாள். அப்படியானால் இவ்வளவு மழை எங்கிருந்து வந்தது? அதற்கு அவள் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்.

கழிந்த மாரிக்கு ஒழிந்த பழநீர்
புதுநீர் கொளீஇய உகுத்தரும்
நொதுமல் வானத்து முழங்குகுரல் கேட்டே.

போன மழைக்காலத்தில் மிஞ்சிப்போன பழைய தண்ணீர் மேகத்தில் கிடக்கிறதாம், புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டுமென்று வானம் அதைக் கீழே கொட்டுகிறதாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மயில் ஏமாந்தது. குடத்தைக் காலி செய்யும் வீட்டுப் பெண்ணாக வானம் ஆகிவிட்டது. ஆனால் நம் வீட்டுப் பெண்ணும் இல்லை, 'நொதுமல் வானம்', யாரோ ஒரு அயலாள், உன் துக்கத்தோடு சம்பந்தமே இல்லாமல் தன் வேலையைப் பார்க்கிற ஆள். மழை உனக்குச் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை, நீயாக அதைச் செய்தி என்று எடுத்துக்கொள்ளாதே என்று அந்த ஒரு சொல் தேற்றுகிறது. இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு அக்கறையோடு கட்டியிருக்கிறாள் என்பதே, நிலைமை எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. 66-இல் மரத்தைக் குறை சொன்னால் போதுமாக இருந்தது. இங்கே வானத்துக்கே ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று பாட்டுக்கும் 'மனிதப் பண்பு ஏற்றப்பட்டுள்ளது' என்ற ஒரே விடையை எழுதினால், மூன்றும் ஒன்றாகிவிடும். காடு ஏன் சொல்பவள் ஆனது, மரம் ஏன் மக்கு ஆனது, வானம் ஏன் அயலாள் ஆனது என்று தனித்தனியாகக் கேட்டால்தான் மூன்று மனசு தெரியும்.

[திரையில்: குறுந்தொகை 162]

அடுத்தது உங்களுக்கு. கருவூர்ப் பவுத்திரனார் பாடிய 162-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பேசுகிறவன் தலைவன், வேலை முடிந்து திரும்பி வருகிறான், மாலை நேரம். 'முல்லை வாழியோ முல்லை' என்று பூவைக் கூப்பிட்டு, உன் சிறிய வெள்ளை மொட்டால் சிரிப்பது போலக் காட்டுகிறாயே, தனியாக இருப்பவர்களிடம் இது தகுமா என்று கேட்கிறான். இங்கே பூ பேசவில்லை, கேட்கிறது, தொல்காப்பியம் சொன்ன இரண்டாவது வழி. அந்த மொட்டை அவன் ஏன் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டான், பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது அவர்களிடம் சொல்லாமல் ஏன் ஒரு கொடியிடம் சொல்கிறான், 'தமியோர்' என்று பன்மையில் சொல்லும்போது தன்னை மட்டும் சொல்கிறானா, வீட்டில் இருப்பவளையும் சேர்த்துச் சொல்கிறானா? பாட்டு ஆறே அடிதான். அடுத்த வீடியோவுக்கு முன்னால் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், அதை வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கலாம்.