கத்தரிக்கோலின் மேல் ஒரு பெட்டி எதற்கு?

வணக்கம் நண்பர்களே. கேமராவுக்கு அருகில் நான் பிடித்திருக்கும் இந்தப் பழைய இரும்புக் கருவியைப் பார்த்தவுடன் கத்தரிக்கோல் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் ஓர் அலகின் மேல் சிறிய பெட்டி இருக்கிறது. மற்ற அலகில் அந்தப் பெட்டிக்குள் சென்று பொருந்தும் தகடு நிற்கிறது. அடியில் மூன்று குட்டைக் கால்கள் வேறு. துணி வெட்டவும் முடி வெட்டவும் இவற்றில் எதுவுமே தேவையில்லை. சர்க்கரைக் கட்டியை உடைக்கும் இடுக்கியாக இருக்குமோ என்றால், அதற்கு இந்த அலகுகள் மிகவும் மெலிந்தவை.

பெயரைத் தேடுவதற்கு முன், செய்தவர் மெனக்கெட்டுச் சேர்த்த பாகங்களைக் கவனிப்பதே என் வழக்கம். பெட்டி இருப்பதால், வெட்டிய துண்டு கீழே விழக் கூடாது என்று தெரிகிறது. கால்கள் இருப்பதால், அலகு மேசையில் படக் கூடாது என்று தெரிகிறது. அது சூடாகவோ கரியாகவோ இருந்திருக்க வேண்டும். இப்போது பெட்டியின் உட்புறத்தைப் பாருங்கள்: மூலையில் எண்ணெய்ப்பசையோடு கரி அப்பியிருக்கிறது. கூரிய நுனியோ, சாய்ந்த திரியை நிமிர்த்துவதற்கு. ஆக, இது மெழுகுவர்த்தித் திரியைக் கத்தரிக்கும் கருவி. சுடரை அணைக்கும் கூம்பு மூடி வேறு; இது சுடர் எரியும்போதே பயன்படுவது.

திரியை ஏன் வெட்ட வேண்டும் என்று இன்று நமக்குத் தோன்றும். முறுக்கிய பழைய பருத்தித் திரி சுடரின் நடுவே நேராக நிற்கும். அங்கே காற்று போதிய அளவு எட்டாததால் அது சாம்பலாகாமல் கருகி நீண்டுகொண்டே போகும். வெளிச்சம் மங்கும், புகை கிளம்பும், அக்கால மெழுகுவர்த்தியில் மெழுகுக்குப் பதிலாக இருந்த விலங்குக் கொழுப்பு உருகி ஒரு பக்கமாக வழியும். கருகிய துண்டு உருகிய கொழுப்பில் விழுந்தால் இன்னும் மோசம். அதனால்தான் இந்தப் பெட்டி.

1825இல் பிரான்சைச் சேர்ந்த கம்பசெரே பின்னல் திரியைக் கொண்டுவந்தார். அது எரியும்போது வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து, காற்றுப் பட்டுத் தானே சாம்பலாகிவிடும். அத்தகைய திரி பரவியபின் இந்தக் கருவிக்கு வேலை குறைந்தது.

உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து பளபளக்கத் தேய்த்துவிடாதீர்கள். அலங்காரத்துக்காகப் பிற்காலத்தில் செய்த நகல்களும் உண்டு. அலகுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த தடமும் பெட்டிக்குள் இருக்கும் கரியும்தான், உங்கள் கையில் இருப்பது உழைத்த கருவியா என்பதற்குக் கிடைக்கும் முதல் சான்று.