ஊக்கத்தொகைக்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வணக்கம் நேயர்களே.

"ஆட்களுக்கு ஆர்வமே இல்லை, எத்தனை தடவை சொன்னாலும் நகரமாட்டேன் என்கிறார்கள்." சிங்கப்பூரின் துவாஸ் கிடங்கிலும் கேட்கும் புலம்பல் இது, தேக்கா உணவகத்தின் அடுப்படியிலும் கேட்கும், ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்திலும் கேட்கும். அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஊக்கத்தொகை அறிவிப்பார்கள், இல்லாவிட்டால் யாரையாவது அழைத்து இரண்டு மணி நேரம் தன்முனைப்புப் பேச்சுக்கு ஏற்பாடு செய்வார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்பார்கள். ஆனால் மாட்டையே, அதாவது ஆளையே, பார்த்துக்கொண்டிருந்தால் தொழுவம், அதாவது வேலையிடம், கண்ணில் படாது.

பயிற்சி வகுப்பு என்றால் முதலில் திரையில் வருவது, மனிதத் தேவைகளைக் கீழிருந்து மேலாகப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிட். ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல் வெளியிட்ட கட்டுரையில் தேவைகளின் வரிசை இருக்கிறது, பிரமிட் படம் கிடையாது. அது மற்றவர்கள் பின்னால் போட்டது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மேல்படி என்ற கறாரான வரிசைக்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரமும் கிடைக்கவில்லை. ஊரில் கடன் அடைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கும் மரியாதை இன்றைக்கே வேண்டும். வேலையிடத்தில் கைகொடுப்பது வேறொரு கோட்பாடு.

விக்டர் வ்ரூம் 1964-ல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு அது. ஒருவர் முனைந்து வேலை செய்வதற்கு முன் அவர் மனத்துக்குள் மூன்று கேள்விகள் ஓடுகின்றன. முயன்றால் என்னால் இதை முடிக்க முடியுமா? முடித்தால் சொன்னது கைக்கு வருமா? வருவது எனக்கு வேண்டியதுதானா? மூன்று பதில்களையும் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும் என்கிறார் வ்ரூம். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். ஊக்கத்தொகையை 100 வெள்ளியிலிருந்து 300 ஆக்கியும் எதுவும் அசையவில்லை என்றால், பழுது முதல் இரண்டு கேள்விகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 பெட்டி எடுக்க வேண்டும் என்று இலக்கு. கடைசி வரிசை அலமாரிகளுக்கிடையே ஸ்கேனருக்கு சிக்னல் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் நான்கு எட்டு பின்னால் வந்து, மறுபடி அழுத்தி, திரை தெளியும்வரை நிற்க வேண்டும். பிற்பகலில் பேட்டரியும் இறங்கிவிடும். ஒரு வாரம் முட்டிப் பார்த்த ஊழியர் 70-லேயே நின்றுகொள்வார். சோம்பல் இல்லை அது, சரியான கணக்கு. அவருக்கு வேண்டியது உதிரி பேட்டரியும் அந்த வரிசைக்கு ஒரு சிக்னல் பெட்டியும்தான்.

இரண்டாவது கேள்வி நம்பிக்கையைப் பற்றியது. இங்கே 2014-ல் துப்புரவுத் துறையில் உரிம நிபந்தனையாக வந்த படிப்படியாக உயரும் சம்பள முறை, பயிற்சியையும் பொறுப்பையும் சம்பளத்தோடு கோத்து ஏணியாக வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருவர் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வருகிறார், அடுத்த நிலையில் இடம் எப்போது காலியாகும் என்று யாரும் சொல்வதில்லை என்று வையுங்கள். அவருக்கு அடுத்து வருபவர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கவே யோசிப்பார்.

மூன்று கேள்விகளிலும் ஒரே நேரத்தில் தோற்கும் திட்டம் ஒன்று உண்டு: எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ் காட்டி விடுப்பு, எடுக்காதவருக்கு மாதாந்தர வருகைப் படி. மாதம் முழுக்க எம்சி எடுக்காவிட்டால் 100 வெள்ளி என்று வைப்போம். மூன்றாம் தேதி காய்ச்சலில் ஒருவர் எம்சி எடுத்துவிட்டார், 100 வெள்ளி போயிற்று. மிச்சம் இருக்கும் நான்கு வாரத்துக்கு அந்தப் படி அவரை எந்த வகையில் ஊக்குவிக்கும்? எப்படியும் போனது போனதுதான், இன்னொரு நாளும் எடுத்தால் என்ன என்றுதான் தோன்றும். எடுக்காதவரோ 28-ஆம் தேதி இருமிக்கொண்டே அடுப்படிக்கு வருவார். அடுத்த வாரம் நான்கு பேர் படுப்பார்கள். காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது அவர் முயற்சியில் இல்லை என்பதால் முதல் கேள்வியே அடிபட்டுவிடுகிறது. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பை வேலை நியமனச் சட்டம் தருகிறது. சட்டம் ஒரு கையால் கொடுப்பதை நிறுவனம் மறு கையால் பிடுங்குகிறது என்றே ஊழியர் பார்ப்பார். வாரத்துக்கு 25 வெள்ளியாகப் பிரித்தால் பாதிப்பு கொஞ்சம் குறையும். எம்சியோடு முடிச்சுப் போடுவதையே விட்டுவிட்டு, ஷிஃப்ட் மாற்றத்தை முன்கூட்டிச் சொல்வது போன்ற, அவர் கையில் இருக்கும் ஒன்றோடு கட்டுவது இன்னும் மேல்.

மூன்றாவது கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலே போதும். ஒருவருக்கு ஓவர்டைம் பணம், இன்னொருவருக்குப் பிள்ளையின் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு. சைவ உணவு சரியாக இல்லாத ஆண்டிறுதி விருந்தை வெகுமதி என்று எல்லாருக்கும் அறிவிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இலக்கு வைப்பதில் உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் பணியைத் தாண்டிப் போக முடியாது. லேதமும் சக ஆய்வாளர் பால்டஸும் 1975-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகளைப் பற்றியது. சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் ஓட்டுநர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "முடிந்தவரை செய்யுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. பிறகு 94 விழுக்காடு என்று குறிப்பான இலக்கு வைத்தார்கள். கூடுதல் பணம் இல்லை. எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை என்றார்கள். முதல் மாதம் 80-ஐ எட்டியது. இரண்டாம் மாதம் 70-க்கு இறங்கியது. நம் மேலாளர்களில் பலர் இந்த இடத்தில்தான் எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்வார்கள். தண்டனை இல்லை என்ற வாக்கு நிஜமா என்று ஓட்டுநர்கள் சோதித்தார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நிர்வாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மூன்றாம் மாதம் 90-ஐத் தாண்டியது, அப்படியே நின்றது. இதை நம் கணக்கில் சொன்னால், இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த இறக்கத்தில்தான் உறுதிப்பட்டது.

குறிப்பான இலக்குக்கும் எல்லை உண்டு. புதிதாக வந்தவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கை இலக்கு அவரைத் தடுமாற வைக்கும். முதல் சில வாரங்களுக்கு "இந்த மூன்று வகைப் பொருளைப் பிழையில்லாமல் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பதே இலக்காக இருக்கட்டும்.

பணம் ஆர்வத்தைக் கெடுக்குமா? உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-ல் கல்லூரி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். புதிருக்கு ஒரு டாலர் என்று வாங்கியவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. இதைக் காட்டிச் சம்பள உயர்வை மறுக்கும் முதலாளிகள் உண்டு. அது தப்பு. ஏற்கெனவே சுவையான வேலைக்குத்தான் இந்த விளைவு. தட்டுக் கழுவுவதில் கெடுவதற்கு அப்படி ஒரு சுவை இல்லை. அங்கே நியாயமான கூலிதான் பேச்சு.

டெசியும் சக உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் பின்னால் வளர்த்த கோட்பாட்டில் தன்விருப்பம், திறன், உறவு என மூன்று தேவைகள் வருகின்றன. தன்விருப்பம் என்றால் இஷ்டப்படி நடப்பது என்று பொருளில்லை. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டிகளின்படி, முறையான கோரிக்கைக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "முடியாது" என்பதற்கும், "காலை 7 முதல் 9 வரை சரக்கு இறங்குகிறது, அந்நேரம் இருவர் தேவை, 9-க்குப் பிறகு பேசலாம்" என்பதற்கும் ஊழியர் மனத்தில் பெரிய வித்தியாசம்.

நாளைக்கே தொடங்குவதாக இருந்தால் ஓர் ஊழியரோடு 15 நிமிடம் உட்காருங்கள். ஆண்டு மதிப்பீடு நடக்கும் மாதத்தில் வேண்டாம், வாய் திறக்கமாட்டார். "வேலையை எது தாமதப்படுத்துகிறது?" என்று தொடங்குங்கள். "நாங்கள் சொல்லிச் செய்யாமல் விட்டது எது?" என்பது அடுத்தது. "நன்றாகச் செய்தால் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்?" என்பதைக் கடைசியில் கேளுங்கள்; முதலில் கேட்டால் பேச்சு சம்பளத்திலேயே நின்றுவிடும். உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் ஒன்றை இரண்டு வாரத்தில் சரிசெய்யுங்கள். முடியாததை யாரிடம் அனுப்பினீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்தத் தேதியில் பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் போய்ச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.